வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் பத்திர எழுத்தரிடம் போய், “பிள்ளைகளுக்கு எழுதி வைக்கணும்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். சற்று நேரத்தில் தான செட்டில்மென்ட் பத்திரத்தின் வரைவு உங்கள் கையில் இருக்கும். “உயிலா, செட்டில்மென்ட்டா?” என்று திருப்பிக் கேட்பவர் அபூர்வம். செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை உண்டு, பதிவுக் கட்டணம் உண்டு, எழுத்துக்கூலியும் அதற்கேற்ப உண்டு. உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும். எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடியிருக்கும் வீடு, மூச்சு உள்ளவரை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியதை உயிலில் எழுதுங்கள். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருவோம்.

இரண்டு பத்திரம், இரண்டு விதி

உயில் நீங்கள் இறந்த பிறகுதான் பேசத் தொடங்கும். அதுவரை அந்தக் காகிதத்தால் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை. இன்று மூத்தவனுக்கு எழுதிவிட்டு, அடுத்த ஆண்டு கிழித்துப் போட்டு இளையவளுக்கு எழுதலாம். கடைசியாக முறைப்படி எழுதியதே செல்லும். முந்தைய உயிலைப் பதிவு செய்திருந்தாலும், பிந்தையது பதிவாகாத வெள்ளைத்தாளாக இருந்தாலும் பிந்தையதுதான் நிற்கும்.

செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிவாகி, எழுதி வாங்கியவர் ஏற்றுக்கொண்ட நொடியில் சொத்து கைமாறிவிடுகிறது. அடுத்த மாதம் பட்டா அவர் பெயருக்கு மாறும், வீட்டு வரி ரசீது மாறும், மின் இணைப்பும் மாறும். அதை அடமானம் வைத்துக் கடன் வாங்க அவருக்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. “மனசு மாறிடுச்சு, ரத்து பண்ணிடுங்க” என்று நீங்கள் தனியாகப் போய்ச் சொன்னால் நடக்காது. ஒன்று அவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றமோ தீர்ப்பாயமோ சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் எல்லோரும் செட்டில்மென்ட்டுக்கே போகிறார்கள்? காரணங்கள் இருக்கின்றன. உயில் என்றால் பின்னால் யாராவது வழக்குப் போடுவார்கள் என்ற அச்சம். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குச் செலவு குறைவு என்பது இன்னொன்று: சொத்து மதிப்பில் 1 விழுக்காடு முத்திரைத் தீர்வை, அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன் இவை 25,000, 4,000 என்று இருந்தன. ஒரு கோடி ரூபாய் வீட்டை ஐம்பதாயிரத்தில் மாற்றிவிடலாம் என்றால் ஆசை வரத்தான் செய்யும். “அப்பா, கையோட முடிச்சிடலாம்” என்று மகன் சொல்வதில் எப்போதும் சூது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஐம்பதாயிரத்தில் முடித்துவிடப் போய், எழுபத்திரண்டு வயதில் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிப் போனவர்கள் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் மனுவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரிசு வரி என்று ஒன்று வரும் என்று பயந்து முன்கூட்டியே எழுதித் தருபவர்களும் உண்டு. அந்த வரி 1985ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. உயில் வழியாக வரும் சொத்துக்கு வாங்குபவர் வருமான வரியும் கட்ட வேண்டியதில்லை.

எழுதியே ஆக வேண்டும் என்றால்

சில குடும்பங்களில் செட்டில்மென்ட்தான் சரியான வழி. மனவளர்ச்சி குன்றிய ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை பார்த்துக்கொள்ளப் போகிறார். அவருக்கு இப்போதே பிடிமானம் வேண்டும். அல்லது உங்களுக்கு நான்கு மனைகள் இருக்கின்றன, ஒன்றைக் கொடுத்தால் வாழ்க்கை ஆடாது. அப்படிப்பட்ட இடங்களில் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பத்திரத்தில் இரண்டு சங்கதிகள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலாவது, ஆயுள்கால அனுபவ உரிமை. சொத்து மகளுக்குப் போகிறது, ஆனால் நீங்களும் உங்கள் துணைவரும் உயிரோடு உள்ளவரை அங்கே குடியிருக்கவும் வாடகையை வாங்கிக்கொள்ளவும் உரிமை உங்களிடமே நிற்கும். இப்படி அனுபவத்தை வைத்துக்கொண்டு எழுதிய தானமும் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. துணைவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கணவர் தனக்கு மட்டும் அனுபவ உரிமை வைத்துக்கொண்டு, அவர் போன மறுநாள் மனைவி நடுத்தெருவுக்கு வந்த பத்திரங்களை நான் படித்திருக்கிறேன்.

இரண்டாவது, பராமரிப்பு நிபந்தனை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவுதான் முதியோரின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம். அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்க மறுத்தால், அந்த மாற்றம் மோசடியால் அல்லது வற்புறுத்தலால் நடந்ததாகக் கருதி தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததா என்பதில்தான் வழக்கே நிற்கும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் 23ஆம் பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரி 2ஆம் தேதி மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே வாசிக்க வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிய தானத்தை ரத்து செய்தது. வீட்டின் சுவாதீனத்தை மீட்டுக் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில், அன்பு பாசத்தின் பேரில் எழுதியதாகப் பத்திரம் சொன்னாலே பராமரிப்பு நிபந்தனை அதில் உள்ளடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

காற்று இப்போது முதியோர் பக்கம் வீசுகிறது. அதை நம்பி நிபந்தனை இல்லாமல் எழுதுவது அசட்டுத்தனம். பத்திரத்தில் நேராகவே போட்டுவிடுங்கள். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

“இந்தச் சொத்தைக் கீழ்க்கண்ட நிபந்தனைக்கு உட்பட்டே உனக்கு எழுதி வைக்கிறேன். எனக்கும் என் மனைவிக்கும் எங்கள் ஆயுள் உள்ளவரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றை நீ கொடுத்து வர வேண்டியது. எங்கள் இருவர் ஆயுள் காலத்துக்குள் இந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. இதில் தவறினால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி இந்த செட்டில்மென்ட்டை ரத்து செய்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.”

இதைப் படித்ததும் பிள்ளை முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைத் தள்ளிப் போட அதுவே போதுமான காரணம்.

உயில் எழுதும் விதம்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை. கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம். சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம்: எழுதுபவர் மேஜராக, தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும்; கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும்; இரண்டு சாட்சிகள் அதைக் கண்டு, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதில்லை, நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தால் போதும்.

அந்தச் சாட்சிகள் யார் என்பதில்தான் பல உயில்கள் விழுகின்றன. உயிலை நிரூபிக்கும் நாளில், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டும். உங்கள் வயதையொத்த நடைப்பயிற்சித் தோழர்கள் இருவரைச் சாட்சி போட்டால் அந்த நாளில் யார் இருப்பார்கள்? நாற்பது வயதுக்காரர்களாக, ஊரைவிட்டுப் போகாதவர்களாகப் பாருங்கள். ஒருவர் உங்களுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டராக இருந்தால் இரட்டை நன்மை: “சுயநினைவோடு, தெளிவாக இருந்தார்” என்பதற்கும் அவரே சாட்சி. எழுபதைத் தாண்டியவர்கள் அதே நாள் தேதியிட்ட மருத்துவச் சான்று ஒன்றையும் உயிலோடு இணைத்து வைப்பது நல்லது. சொத்துப் பெறப் போகிறவரையோ அவருடைய மனைவி, கணவரையோ சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்படிப் போட்டால் அவருக்குக் கொடுத்தது செல்லாமலே போய்விடும். இந்துக் குடும்பங்களில் வீண் சந்தேகத்தைக் கிளப்பும்.

உள்ளடக்கத்தில் ஒரு குறிப்பு. யாருக்கு ஒன்றும் இல்லையோ அவர் பெயரையும் எழுதுங்கள், ஏன் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். “என் இரண்டாவது மகனுக்கு 2011இல் தொழில் தொடங்கப் பணம் கொடுத்துவிட்டேன், ஆகவே இந்த வீட்டில் அவருக்குப் பங்கு ஒதுக்கவில்லை” என்றால், “அப்பா என்னை மறந்துவிட்டார், யாரோ மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள்” என்ற வாதம் பாதி செத்துவிடும். ஆனால் திட்டி எழுதாதீர்கள். கோபம் தெறிக்கும் உயிலை, மனம் நிலையில் இல்லாதபோது எழுதியது என்று காட்டுவது எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சுலபம்.

வீட்டின் கதவு எண்ணை மட்டும் எழுதாமல் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, உங்களுக்கு அது வந்த பத்திரத்தின் எண், ஆண்டு எல்லாவற்றையும் தாய்ப்பத்திரத்தைப் பார்த்தே எழுதுங்கள். விட்டுப்போன சொத்துகளுக்கும் பின்னால் வாங்கப் போகிறவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு பத்தி வேண்டும். சொன்னபடி செய்து முடிக்க ஒருவரை நிறைவேற்றுநராக நியமியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். திருத்த வேண்டியிருந்தால் அடித்து மேலே எழுதாமல் புதிதாக எழுதிவிடுங்கள்.

மனைவிக்கு எழுதும்போது “அவர் ஆயுள் உள்ளவரை அனுபவித்து, பிறகு மகன்களுக்கு” என்று எழுதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை வைத்து, அந்த ஆயுள் உரிமை முழு உரிமையாகிவிட்டதா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கின்றன. என் கட்சி எளிமையானது: மனைவிக்கே முழு உரிமையாக எழுதிவிடுங்கள். முப்பது நாற்பது ஆண்டு உங்கள் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவருக்கு அந்த வீட்டைக் கட்டி ஆளத் தெரியும்.

பதிவு கட்டாயமில்லை என்றேன், ஆனால் செய்துவிடுவது உத்தமம். பதிவான உயில் தனிப் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்றில் தெரியாது. நீங்கள் உயிரோடு உள்ளவரை அதன் நகலை உங்களைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. “பதிவு செஞ்சா பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிடுமே” என்ற கவலை வேண்டாம். படுக்கையில் இருப்பவர்கள் மனுக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வருவார். உயிலை உறையில் இட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வழியும் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாத வசதி.

சென்னையின் பழைய நகர எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மதுரையிலும் சேலத்திலும் அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. சென்னைச் சொத்து என்றால் அன்றைய சட்டநிலை என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதாமல் போனால்

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தாம்பரத்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய ஒருவர், ஐம்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போய்விடுகிறார். உயில் இல்லை. மனைவி, ஒரு மகன், ஒரு மகள், எண்பது வயதுத் தாய். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி வீடு நான்கு சம பங்காகும். தாய்க்கும் கால் பங்கு உண்டு என்பதே பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். இறந்தவரின் தந்தை இருந்திருந்தால் அவருக்கு இதில் பங்கு இல்லை. தாய் முதல் வகுப்பு வாரிசு, தந்தை இரண்டாம் வகுப்பு.

இரண்டு ஆண்டில் அந்தத் தாயும் காலமாகிறார், உயில் எழுதாமல். அவருடைய கால் பங்கு யாருக்கு? அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும். மற்ற பிள்ளைகள் இருவர் என்றால் கால் பங்கு மூன்றாகும். இப்போது தாம்பரம் வீட்டில் சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. வீட்டை விற்க வேண்டுமானால் இருவரும் வந்து கையெழுத்திட வேண்டும். சித்தப்பாவுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தவறு செய்யாமலே ஒரு வழக்குப் பிறந்துவிட்டது. ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் இதைத் தடுத்திருக்கும்.

மகள்கள் விஷயத்தில் இன்னும் பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் ஏராளம். “கல்யாணம் பண்ணி, சீர் செஞ்சாச்சு, அவளுக்கு என்ன பங்கு?” பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே சட்டம் செய்தது, அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை மட்டும் விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்து வைத்தது: பிறப்பால் வந்த உரிமை, தந்தை இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. போட்ட நகையும் வைத்த சீரும் இந்தப் பங்கைக் கழிக்காது. மகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அதில் கையெழுத்திட நேரில் வர முடியாமல் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பவர் பத்திரம் அனுப்பினால் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

பெண்கள் உயில் எழுதுவது இன்னும் அவசரம். குழந்தையில்லாத ஒரு விதவை, ஆசிரியையாக வேலை பார்த்துத் தன் சம்பளத்தில் ஒரு ஃபிளாட் வாங்குகிறார். உயில் இல்லாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அது கணவரின் வாரிசுகளுக்குப் போகும். கடைசிவரை கூடவே இருந்த சொந்தத் தாய் அவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்துப் பெண்களை உயில் எழுதி வைக்கச் சொல்லி வேண்டுகோள் விடுத்தது. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பிற்பகல் போதும்.

முஸ்லிம்கள் உயில் வழியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது, சட்டப்படியான வாரிசுக்குக் கொடுப்பதானால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உயில் இல்லாத கிறிஸ்தவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இந்த இரு சமூகத்தவரும் தங்கள் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கலந்துகொண்டே எழுத வேண்டும்.

நாமினி வாரிசு அல்ல

வங்கியில் நாமினியாக மூத்த மகன் பெயரைக் கொடுத்துவிட்டால் பணம் அவனுக்கே என்று நினைக்கிறோம். வங்கி அவன் கையில் கொடுக்கும், அது உண்மைதான். ஆனால் எல்லா வாரிசுகளின் சார்பிலும் வாங்கி வைத்துக்கொள்பவன் மட்டுமே அவன். பங்குகளுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவர், மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது. ஆகவே நாமினியும் உயிலும் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். வைப்புத்தொகைக்கு யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் பிரிக்கலாம். பத்தாண்டு தொடப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். காலமான பெற்றோரின் பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் தேடலாம்.

சாவுக்கு முந்தைய ஆண்டுகள்

உயில் மரணத்துக்குப் பிறகு வேலை செய்யும். பக்கவாதமோ மறதிநோயோ வந்து, மனிதர் இருக்கிறார் ஆனால் கையெழுத்திட முடியாது என்ற நிலை ஐந்து ஆண்டு நீடித்தால்? இந்த இடைவெளியைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. “மகனுக்குப் பவர் கொடுத்திருக்கேன்” என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் அந்தப் பவர் முடிந்துபோகிறது. தேவைப்படும் நேரத்தில்தான் அது செத்துப் போகும். அதற்குப் பிறகும் தொடரும் பவர் என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவும் இல்லை.

மிச்சமிருப்பது நீதிமன்றம்தான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. கிடைக்கக்கூடிய நிவாரணம்தான், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இடையே ரிட் மனுப் போட்டு வாங்க வேண்டிய நிவாரணம். அந்த நிலை வராமலிருக்க உடம்பும் புத்தியும் நன்றாக உள்ள இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு கணிசமான தொகையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் யாரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வையுங்கள். ஓய்வூதியக் கணக்கையும் துணைவரோடு கூட்டாக மாற்றுங்கள். படுக்கையில் இருப்பவர் கையெழுத்திட முடியாவிட்டாலும் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமுண்டு. இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரி. கிளையில் தெரியாது என்றால் எழுத்தில் கேளுங்கள், கிடைக்கும்.

சிகிச்சை பற்றியும் எழுதி வைக்கலாம். மீள வழியில்லாத கட்டத்தில் வென்டிலேட்டர் போன்றவற்றால் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் தேதி அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட் முன்னிலை வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பமும் போதும் என்றது. உங்கள் சார்பில் முடிவெடுக்கப் போகிறவர்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும். மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒத்துக்கொண்ட பிறகே அது நடைமுறைக்கு வரும் என்பதால், யாரோ அவசரப்பட்டு எதையும் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. ஐசியு வாசலில் நிற்கும் மகள் மீது அந்த முடிவின் பாரத்தை ஏற்றாதிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு

கொடுத்தாகிவிட்டது, இப்போது சோறில்லை, மருந்தில்லை. இந்த நிலையில் இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் தீர்ப்பாயம் அவர்தான். அறுபது வயது நிறைந்தவர் தாமே மனுக் கொடுக்கலாம். முடியாவிட்டால் வேறொருவர் வழியாகக் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மனுவில் நீட்டி முழக்க வேண்டாம்: என்ன சொத்து, எந்தத் தேதியில் யாருக்கு எழுதியது, எப்போதிலிருந்து கவனிக்கவில்லை, இப்போது எங்கே யார் தயவில் இருக்கிறீர்கள். பத்திர நகல், மருந்துச் சீட்டு, வயதுச் சான்று இணையுங்கள். பராமரிப்புத் தொகையும் கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை. பிள்ளைகளுக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், சிறப்புக் காரணம் இருந்தால் மேலும் 30 நாள். நடைமுறையில் இழுப்பதுண்டு, அப்போது 90 நாள் கணக்கைக் காட்டி எழுத்தில் நினைவூட்டுங்கள். உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடமும் பராமரிப்புக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மகனோடு ராசியாகிக்கொண்டு மருமகளை மட்டும் வெளியேற்ற இந்தச் சட்டத்தைக் கருவியாக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மருமகளுக்குள்ள குடியிருப்பு உரிமையை இதை வைத்துத் தட்டிப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

மனு எழுதத் தெரியாதவர்களும் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக முடியாதவர்களும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.